சுட்ட தோட்டாவின் மறுபிறவி

திருவொற்றியூர் ராயல் என்ஃபீல்டு தொழிற்சாலைக்கும் ரைஃபிளுக்கும் உள்ள உறவு மிகப் பழையது. இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் மிதிவண்டி செய்துவந்த ஒரு நிறுவனத்துக்கு 1890களின் தொடக்கத்தில் ஓர் ஒப்பந்தம் கிடைத்தது. என்ஃபீல்டு என்ற ஊரிலிருந்த அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு நுட்பமான பாகங்களைச் செய்துகொடுக்க வேண்டும். அந்தப் பெருமையில்தான் 1893-இல் தன் மிதிவண்டிக்கு ராயல் என்ஃபீல்டு என்று பெயர் சூட்டியது. துப்பாக்கியைப் போலச் செய்யப்பட்டது என்பதே அதன் விளம்பர வாசகம், சின்னம் பீரங்கி. 1955-இல் மதராஸ் மோட்டார்ஸோடு கூட்டுச் சேர்ந்து அந்தப் பெயர் வட சென்னைக்கு வந்தது. புல்லட் வண்டி இங்கிருந்துதான் நாடெங்கும் போனது.

அந்த வாசகத்துக்குப் பின்னால் இருந்தது அளவின் துல்லியம். லேத்து, டை, பிரஸ், வெர்னியர், மைக்ரோமீட்டர் என்று வட சென்னைப் பட்டறைக்காரர்கள் தினமும் புழங்கும் அத்தனையும் துப்பாக்கித் தொழிலிலும் உண்டு. துப்பாக்கியைவிட அதற்குள் போகும் தோட்டாவில் இந்தத் துல்லியம் இன்னும் கடுமையானது. சுட்டு வெளியே விழுந்த தோட்டாவை எடுத்து, துடைத்து, அளவுக்குக் கொண்டுவந்து, மீண்டும் மருந்திட்டுச் சுடும் வேலையை அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் லட்சக்கணக்கானோர் வீட்டு மேசையிலேயே செய்கிறார்கள். இந்தியாவில் அதையே ஒருவர் உரிமம் இல்லாமல் செய்தால் சிறை. இரண்டுக்கும் காரணம் இருக்கிறது.

ஒரு ரைஃபிள் தோட்டா நான்கு பாகங்களால் ஆனது. முனையில் குண்டு, பெரும்பாலும் ஈயத்தின் மேல் செம்புக் கவசம் போட்டது. பின்னால் பித்தளைக் கூடு. கூட்டுக்குள் மருந்து. கூட்டின் அடிப்பாகத்தில், நடுக்குழியில் பதிந்திருக்கும் சிறு கிண்ணம் பிரைமர். தீபாவளித் துப்பாக்கியில் பொட்டு வெடி என்ன வேலை செய்கிறதோ அதையேதான் பிரைமரும் செய்கிறது: தட்டினால் தீப்பொறி. அந்தப் பொறி சிறு துளை வழியாக உள்ளே பாய்ந்து மருந்தைப் பற்றவைக்கும். மருந்து வாயுவாக மாறும்போது எழும் அழுத்தம், இன்றைய ரைஃபிள்களில் வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஏறக்குறைய 4,000 மடங்கு. அதுதான் குண்டைத் தள்ளுகிறது. குண்டு போய்விடும், மருந்து எரிந்துவிடும், பிரைமர் செத்துவிடும். மிஞ்சுவது பித்தளைக் கூடு. நான்கில் விலை உயர்ந்ததும் பெரும்பாலும் அதுதான். அதைத் தூக்கிப் போட மனம் வராதவர்களிடமிருந்து தொடங்கியதே இந்தக் கலை.

கூடு வருவதற்கு முன்பு சிப்பாய்களே ஒவ்வொரு முறையும் மருந்திட்டுச் சுட்டார்கள். காகிதப் பொட்டலத்தைப் பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழலுக்குள் கொட்டி, குண்டைக் கோலால் இடித்து இறக்குவார்கள். 1853-ஆம் ஆண்டு மாதிரி என்ஃபீல்டு ரைஃபிள் இந்தியாவுக்கு வந்தபோது, அதன் காகிதத் தோட்டாவில் பசு, பன்றிக் கொழுப்பு தடவியிருப்பதாகப் பரவிய பேச்சு 1857 எழுச்சிக்கு ஒரு பொறி ஆனது என்பது பள்ளிப் பாடம். பிரிட்டிஷ்காரர்கள் அடுத்த பத்தாண்டுகளுக்குள்ளேயே உலோகக் கூட்டுக்கு மாறினார்கள். 1866 வாக்கில் இரண்டு பேர் இரண்டு விதமான பிரைமரை உருவாக்கினார்கள். ஒருவர் பிரிட்டிஷ் ராணுவத்தின் எட்வர்டு பாக்ஸர், மற்றவர் அமெரிக்கரான ஹைரம் பெர்டான். பாக்ஸர் முறையில் கூட்டின் அடியில் ஒரே துளை, நட்டநடுவில். பெர்டான் முறையில் இரண்டு சிறு துளைகள், ஓரமாக. பிரிட்டிஷ்காரரின் கண்டுபிடிப்பு அமெரிக்காவில் நிலைத்தது. அமெரிக்கரின் கண்டுபிடிப்பு ஐரோப்பிய, ஆசிய ராணுவங்களில் பரவியது.

வீட்டில் மருந்திடுவோருக்கு இந்த வேறுபாடு வாழ்வா சாவா என்பது போன்றது. நடுத்துளை இருந்தால் மேலிருந்து ஓர் ஊசியை இறக்கி, செத்த பிரைமரை ஒரே தள்ளில் வெளியேற்றலாம். ஓரத்துளைகள் இருந்தால் அது முடியாது. மறு மருந்தீடு அமெரிக்காவில் குடிசைத் தொழில்போலத் தழைத்ததற்கு அந்த ஒற்றைத் துளையும் ஒரு காரணம். அங்கே காட்டெருமை வேட்டைக்காரர்கள் 1870களிலேயே கூடாரத்தில் உட்கார்ந்து ஈயம் உருக்கிக் குண்டு வார்த்து, பழைய கூட்டில் மருந்திட்டார்கள். 1884-இல் ஜான் பார்லோ என்பவர் இடுக்கி வடிவில் ஒரு கைக்கருவியைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். 1943-இல் ஃபிரெட் ஹண்டிங்டன் கலிபோர்னியாவில் தொடங்கிய ஆர்.சி.பி.எஸ். நிறுவனமும், 1958-இல் ரிச்சர்டு லீ உருவாக்கிய எளிய சுத்தியல் கருவியும் இதைச் சாதாரணக் குடும்பங்களின் பொழுதுபோக்காக்கின.

பித்தளையின் குணத்தைப் பற்றி உலகம் கற்ற முக்கியமான பாடம் ஒன்று இந்திய மழைக்காலத்தில் கிடைத்தது. தோட்டாக் கூட்டுக்கான பித்தளையில் செம்பு 70 பங்கு, துத்தநாகம் 30 பங்கு. தகட்டைக் குளிர்ந்த நிலையிலேயே இழுத்து இழுத்து நீண்ட கூடாக்குவார்கள். அப்படி இழுக்கும்போது உலோகத்துக்குள் இறுக்கம் தங்கிவிடும்; வெளியே பார்த்தால் தெரியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் படைகள் மழைக்காலங்களில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்தன. மழை ஓய்ந்து எடுத்துப் பார்த்தால் கூடுகள் நெடுக வெடித்திருக்கும், குறிப்பாகக் குண்டைப் பற்றியிருக்கும் கழுத்துப் பகுதியில். மழைக்காலத்தோடு வந்ததால் இதைப் பருவ வெடிப்பு என்று அழைத்தார்கள்.

1921-இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் ஆகிய மூவரும் காரணத்தை விளக்கினார்கள். குதிரைகளின் சிறுநீரிலிருந்து எழுந்த அம்மோனியா, ஈரக்காற்றோடு கலந்து பித்தளையிலுள்ள செம்பைக் கரைத்திருக்கிறது. உள்ளிறுக்கம் உள்ள இடத்தில் அந்த அரிப்பு நூல்போலக் கீறி உள்ளே இறங்கியிருக்கிறது. ஈரம், அம்மோனியா, இறுக்கம் மூன்றும் ஒன்றுசேர வேண்டும். ஒன்று குறைந்தாலும் வெடிப்பு வராது. கூட்டை மிதமாகச் சூடாக்கி இறுக்கத்தைத் தளர்த்திவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. இன்றும் உலோகவியல் மாணவர்கள் இதைப் படிக்கிறார்கள்.

எண்ணூர்க்காரர்களுக்கு அம்மோனியாவை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் பெரியகுப்பம் அருகே உரத் தொழிற்சாலைக்குச் செல்லும் கடலடிக் குழாயிலிருந்து கசிந்த அதே வாயுதான். கண் எரிந்து, மூச்சு முட்டி, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மக்கள் தெருவுக்கு ஓடிவந்தார்கள். பலர் மருத்துவமனைக்குப் போனார்கள். மனித நுரையீரலுக்கு அது செய்வதை அந்த ஊர் பட்டே தெரிந்துகொண்டது. வெளிநாட்டுக் கையேடுகளில் மறு மருந்தீட்டுக்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை தவறாமல் இருக்கும்: அம்மோனியா கலந்த பித்தளை மெருகுப் பசையால் கூட்டைத் துலக்காதே. காரணம் அந்த லாயங்களில்தான் இருக்கிறது.

இனி மேசைக்கு வருவோம். சுடும்போது கூடு உப்பி, துப்பாக்கி அறையின் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. வாயு பின்னால் கசியாமல் அடைப்பதே அந்த உப்பலின் வேலை. அழுத்தம் குறைந்ததும் கொஞ்சம் சுருங்கும், ஆனால் பழைய அளவுக்கு வராது. எனவே வேலை சோதனையில் தொடங்குகிறது. கழுத்தில் கீறல், அடிப்பகுதிக்குச் சற்று மேலே பளபளக்கும் கோடு, தளர்ந்துபோன பிரைமர் குழி ஆகியவற்றில் எது தெரிந்தாலும் கூடு குப்பைக்குப் போக வேண்டும். தேறியவை வால்நட் ஓட்டுத் தூள் அல்லது சோளக் கதிர்த் தண்டுத் தூள் நிரப்பிய அதிர்வுத் தொட்டியில் சில மணி நேரம் சுழன்று கரி நீங்கும்.

அடுத்தது பிரஸ். மேசையில் போல்ட் போட்டு இறுக்கிய கைப்பிடி இயந்திரம் அது. அதன் தலையில் கடினமான எஃகு டை. கூட்டின்மேல் மெலிதாக மசகு தடவி டைக்குள் தள்ளினால் கூடு பழைய விட்டத்துக்குச் சுருங்கும். அதே இழுப்பில் ஊசி பழைய பிரைமரை வெளியே தள்ளும். மசகு தடவ மறந்தால் கூடு டைக்குள் சிக்கிக்கொண்டு வராது. எந்தப் பட்டறை ஃபிட்டரும் இதைச் சொல்லாமலே புரிந்துகொள்வார். சுருக்கப்பட்ட பித்தளை நீளவாக்கில் வளரும். அதைச் சீவி நீளத்தைச் சரிசெய்ய வேண்டும். இன்ச்சில் ஆயிரத்தில் சில பங்கு நீண்டாலே குண்டைப் பிடிக்கும் பிடி மாறும், அழுத்தம் எகிறும். நான்கைந்து முறைக்குப் பிறகு கழுத்து கெட்டித்துவிடும். அப்போது கழுத்தை மட்டும் சூடுகாட்டி மிருதுவாக்குவார்கள். அடிப்பாகம் சூடேறக் கூடாது. அது மிருதுவானால் அழுத்தத்தைத் தாங்காமல் பின்பக்கம் பிளந்து, சுடுபவரின் முகத்துக்கு வாயு வரும்.

புதிய பிரைமரைப் பொருத்துவது விரல் நுனியின் உணர்வு சார்ந்தது. பிறகு மருந்து. இங்கேதான் எல்லாருடைய கவனமும் ஒரு தராசின்மேல் குவிகிறது. அளவு கிரெய்னில் சொல்லப்படும். ஒரு கிரெய்ன் ஏறக்குறைய 65 மில்லிகிராம். போட்டிக்காரர்கள் அதில் பத்தில் ஒரு பங்கு வரை பார்க்கிறார்கள். எந்தக் கூட்டுக்கு, எந்த எடைக் குண்டுக்கு, எந்த மருந்தில் எவ்வளவு என்பதை மருந்து உற்பத்தியாளர்கள் ஆய்வகத்தில் அழுத்தம் அளந்து புத்தகமாக வெளியிடுகிறார்கள். அந்தப் புத்தகத்தைத் தாண்டி யாரும் தன் ஊகத்துக்குப் போகக் கூடாது. இரு மருந்துகள் கண்ணுக்கு ஒன்றுபோலவே கருஞ்சாம்பல் நிறத்தில் இருக்கும். எரியும் வேகமோ வேறு. டப்பா மாறினால் துப்பாக்கியே வெடித்துவிடலாம். கடைசியில் குண்டை இன்னொரு டையால் கூட்டின் வாயில் நேராக அமர்த்தி, மொத்த நீளத்தை வெர்னியரில் சரிபார்த்தால் தோட்டா தயார்.

விபத்துகள் பெரும்பாலும் இரண்டு வழிகளில் வருகின்றன. கவனம் பிசகி ஒரே கூட்டில் இருமுறை மருந்து விழுவது ஒன்று. மருந்தே விழாமல் போவது மற்றொன்று. அப்போது பிரைமரின் உந்துதலில் குண்டு குழலின் பாதியிலேயே நின்றுவிடும். அதை அறியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் பிளக்கும். தொலைக்காட்சி ஓடும் அறையில் இந்த வேலையைச் செய்யாதே என்று எல்லாக் கையேடுகளும் சொல்கின்றன.

செலவைக் குறைப்பதற்காகத் தொடங்கியவர்கள் துல்லியத்துக்காக இதில் தங்கிவிடுகிறார்கள். ஒவ்வொரு ரைஃபிள் குழலும் தனக்குப் பிடித்த குண்டு, மருந்து அளவு, நீளம் ஆகியவற்றில் வேறுபடும். ஆலைத் தோட்டா எல்லாக் குழலுக்கும் பொதுவாகச் செய்யப்பட்டது. கையால் செய்தது ஒரு குழலுக்காக. அரசுகளும் மறு மருந்தீட்டைச் செய்திருக்கின்றன. முதல் உலகப் போரில் பிரிட்டன் தன் 18 பவுண்டர் பீரங்கியின் பித்தளைக் கூடுகளைத் திரும்பச் சேகரித்து, சீர்செய்து, மறுபடி மருந்திட்டுப் போர்முனைக்கு அனுப்பியது. அந்தக் கூடுகளின் அடியில் குத்தியிருக்கும் முத்திரைகள் அவை எத்தனை முறை திரும்பிவந்தன என்று சொல்லும். 

நம் நாட்டின் சட்டம் இதில் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. 1959-ஆம் ஆண்டு படைக்கலச் சட்டத்தின் 5-ஆம் பிரிவுப்படி, உரிமம் இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ செய்யக் கூடாது. அதே சட்டம் தோட்டா என்பதற்குத் தரும் வரையறை இன்னும் விரிவானது: தோட்டாவின் பாகங்களும், தோட்டா செய்வதற்கான இயந்திரங்களும் அந்த வரையறைக்குள் அடங்கும். ஆக, வெளிநாட்டில் பொழுதுபோக்குக் கடையில் வாங்கும் பிரஸ்ஸும் டையும் இங்கே சாதாரணக் கருவிகள் அல்ல. 2019 திருத்தத்துக்குப் பிறகு உரிமமின்றித் தயாரிப்பதற்குக் குறைந்தது ஏழாண்டு, அதிகபட்சம் ஆயுள் சிறை. மருந்தை வைத்திருப்பதற்கு வெடிபொருள் சட்டம் தனி. நினைவுப் பொருளாகப் பையில் கிடந்த ஒற்றைத் தோட்டாவால் விமான நிலையச் சோதனையில் மாட்டி வழக்கைச் சந்தித்தவர்களும் உண்டு.

இயந்திரத்தையும் ஏன் சட்டம் பிடிக்கிறது என்பதற்குச் சென்னையே சாட்சி. 2006 செப்டம்பரில் ஆந்திரக் காவல்துறை மாவோயிஸ்டுகளுக்கான ராக்கெட் குண்டுகளையும் ஏவுகருவிகளையும் பெருமளவில் கைப்பற்றியது. பாகங்கள் அம்பத்தூர் பகுதிப் பட்டறைகளில் தயாரானவை என்பது விசாரணையில் வெளிவந்தது. ஒரு பாகத்தை மட்டும் பார்க்கும் பட்டறைக்கு அது எதன் பாகம் என்று தெரியாமல் போகலாம். திறமையான கைகள் நிறைந்த ஊரில் இந்த விழிப்பு இருந்தே ஆக வேண்டும். ஜெர்மனிகூட வீட்டு மருந்தீட்டை அப்படியே திறந்து விடவில்லை. அங்கே பயிற்சியும் தேர்வும் முடித்து, தனி அனுமதி வாங்கிய பிறகே மருந்து வாங்க முடியும். நெருக்கி நெருக்கி வீடுகள் நிற்கும் தண்டையார்பேட்டைச் சந்துகளில், எரிவாயு உருளைகளுக்கு நடுவே, எவரும் மருந்து டப்பாவைத் திறக்காமல் இருப்பது எல்லாருக்கும் நல்லது.

அப்படியானால் இங்குள்ள துப்பாக்கி சுடும் வீரர்கள்? ஒலிம்பிக் ரைஃபிள் போட்டிகளுக்கு மறு மருந்தீடே தேவையில்லை. 10 மீட்டரில் காற்றுத் துப்பாக்கி. சென்னையில் பிறந்த ககன் நரங் 2012 லண்டனில் வெண்கலம் வென்றது அதில்தான். 2024 பாரிஸில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்ற 50 மீட்டர் போட்டியில் .22 தோட்டா. அதில் தனி பிரைமர் கிடையாது. தீப்பற்றும் கலவை கூட்டின் விளிம்புக்குள்ளேயே பரவியிருக்கும், விளிம்பு நசுங்கியதும் கூட்டின் ஆயுள் முடிந்தது. அங்கே துல்லியம் வேறு வழியில் தேடப்படுகிறது. பிரிட்டனின் எலே, பின்லாந்தின் லாப்புவா போன்ற நிறுவனங்கள் தங்கள் சோதனைக் கூடங்களில் வீரரின் துப்பாக்கியைத் தாங்கியில் பொருத்தி, ஒரே ரகத் தோட்டாவின் வெவ்வேறு தொகுதிகளைச் சுட்டுப் பார்க்கும். எந்தத் தொகுதி அந்தக் குழலுக்கு மிகச் சிறிய வட்டத்தில் விழுகிறதோ அதை வீரர் மொத்தமாக வாங்குவார். வசதியுள்ள வீரருக்கே இது எட்டும்.

உள்நாட்டிலேயே இதற்கான அறிவு இல்லாமல் இல்லை. நீலகிரியின் அருவங்காட்டில் 1903-இல் தொடங்கிய கார்டைட் தொழிற்சாலை, புகையில்லா உந்துமருந்து செய்வதில் நூறாண்டுக்கும் மேற்பட்ட அனுபவம் கொண்டது. ஊட்டி மலை ரயில் அதைத் தொட்டுத்தான் போகிறது. புனே அருகே கட்கியிலுள்ள தோட்டா ஆலை 1869-இல் தொடங்கியது. இரண்டும் 2021 முதல் மியூனிஷன்ஸ் இந்தியா என்ற அரசு நிறுவனத்தின்கீழ் இயங்குகின்றன. வீட்டில் செய்வதற்குச் சட்டம் பூட்டுப் போட்டிருப்பது சரி. பூட்டுப் போட்ட அரசே விளையாட்டுத் தரமுள்ள தோட்டாவையும், தொகுதி சோதனைக்கூடத்தையும் உள்நாட்டில் தந்தால்தான் ராயபுரத்துப் பிள்ளையும் வசதிபடைத்த வீட்டுப் பிள்ளையும் ஒரே கோட்டில் நின்று சுட முடியும்.

ஒவ்வொரு முறையும் மருந்திட்டுச் சுடும் பழக்கம் தமிழ்நாட்டில் முற்றிலும் மறையவில்லை. நரிக்குறவர் சமூகத்தார் வைத்திருந்த நாட்டுத் துப்பாக்கியில் வாய்வழியாகக் கருமருந்தைக் கொட்டி, தேங்காய் நாரைத் திணித்து, பால்ரஸ் குண்டுகளை இறக்கி, மேலே பொட்டு வெடி போன்ற கேப் ஒன்றை வைப்பார்கள். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அந்த வேட்டை சட்டவிரோதமானது. உரிமமில்லாத நாட்டுத் துப்பாக்கிகள் மலையோர மாவட்டங்களில் இன்றும் பிடிபடுகின்றன. அளவு பார்க்கத் தராசு இல்லை, சோதித்த குழல் இல்லை. கையும் கண்ணும் இழந்தவர்கள் அந்த ஊர்களில் உண்டு.

வட சென்னையில் தோட்டாவை நேரில் சந்திக்க அதிக வாய்ப்புள்ளவர்கள் காயலான் கடைக்காரர்களும், கேஸ் கட்டர் பிடிக்கும் தொழிலாளர்களும். வெளிநாட்டுப் பழைய இரும்பு, பித்தளை துறைமுகம் வழியாக வரும் ஊர் இது. 2004 செப்டம்பரில் காசியாபாத் அருகே ஓர் எஃகு ஆலையில், போர் நடந்த நாடுகளிலிருந்து வந்த பழைய இரும்போடு கலந்திருந்த வெடிகுண்டு வெடித்துத் தொழிலாளர்கள் பலர் இறந்தார்கள். அதன் பிறகே இறக்குமதிப் பழைய இரும்புக்குச் சோதனை விதிகள் இறுகின. விதிகளைத் தாண்டியும் ஒன்றிரண்டு வரலாம். அடியில் பிரைமர் குழியும், வாயில் குண்டும் இருக்கிற எந்தப் பித்தளைக் குழாயும் உயிருள்ளதே. துருவேறியிருந்தாலும், நூறாண்டுப் பழையதானாலும் அப்படித்தான். எடைக்குப் போடலாம் என்று தட்டாதீர்கள், அறுக்காதீர்கள், நெருப்பில் காட்டாதீர்கள், பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். இருந்த இடத்திலேயே விட்டு, ஆட்களை விலக்கிவிட்டு, 100 அல்லது 112-ஐ அழையுங்கள்.